மூடியில் இருந்த பெயர்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. சுன்போக் தன் கடையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கினாள் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். அந்த முள்ளங்கி அவளுக்கு ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி வெட்டு விழுந்துகொண்டிருந்தது.

போன வாரம் நடந்ததை நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். கொரியாவின் கிழக்குக் கரையில் உள்ள சொக்சோ சந்தையில் முப்பது வருஷமாகத் தொடுகறி விற்கிறவள் சுன்போக். அவள் கடையில் முதலில் தீர்ந்துபோவது ஷிக்கேதான். நாக்கு மீனை உப்பில் போட்டு, தினைச் சோறும் முள்ளங்கியும் மிளகாய்த் தூளும் சேர்த்துப் பிசைந்து புளிக்க வைப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஷிக்கேயிலிருந்துதான் அவள் மகள் சோல்மி ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். காங்னுங்கில் கடல் வள உயிரித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. பாக்டீரியாவுக்கு முப்பத்தொன்று என்று நம்பர் வைத்தார்கள். மீனில் விஷம் உண்டாக விடாது, வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளை அண்ட விடாது, உள்ளே போனால் குடலுக்கு நல்லது செய்யும். அதற்குப் பிறகு சுன்போக்கைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"கைமணம், கைமணம்னு நீங்க சும்மா சொன்னீங்க. எம்பொண்ணு அதை மெஷின்ல வச்சே பாத்துட்டா" என்று சந்தைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். பார்த்தவர்களும் ஏதோ தெரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

கஷ்டம் அதற்கப்புறம்தான் வந்தது. முப்பத்தொன்றை மக்கள் சாப்பிடலாம் என்று உணவுப் பாதுகாப்புக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால், அது எந்த வீட்டில், எந்தச் சாப்பாட்டில் இருந்தது, அதை மனிதர்கள் பல வருஷமாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்களா என்று காட்ட வேண்டும். அதே வீட்டுச் சாப்பாட்டிலிருந்து அதை மறுபடியும் எடுத்தும் காட்ட வேண்டும். சோல்மி நான்கு தடவை அம்மாவின் ஷிக்கேயை எடுத்துப் போய்ச் சோதித்தாள். என்னென்னவோ நல்ல பாக்டீரியாக்கள் வந்தன. முப்பத்தொன்று மட்டும் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி" என்று போன வாரம் சொல்லிவிட்டார் ஆய்வுக்கூட இயக்குநர் நம்குங். அதற்குள் வீடு எது என்று காட்டாவிட்டால் கோப்பு திரும்பிவிடும். மூன்று வருஷ உழைப்பு, பிறந்த வீடு தெரியாத ஒரு பாக்டீரியாவாக உறைபெட்டியில் கிடக்க வேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று. சோல்மி கடைக்குள் குட்டி முக்காலியில் உட்கார்ந்து ஐந்தாவது தடவையாக ஸ்பூனை நீட்டினாள்.

"அடியிலேர்ந்து எடு" என்றாள் சுன்போக்.

"நாலு தடவையும் அடியிலேர்ந்துதாம்மா எடுத்தேன்."

"அப்ப உன் மெஷின்ல கோளாறு."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப உன் கையில கோளாறு. அது உங்கப்பா வழி."

சோல்மி எடுத்ததைக் குப்பியில் போட்டு மூடினாள். முந்தின நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் சுன்போக்குக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காததை எல்லாம் முள்ளங்கியின் மேல் காட்டினாள்.

அப்போது எதிர்க்கடை யங்சிம் வந்தாள். காய்ந்த கணவாய் விற்கிறவள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"உன் டப்பாவைத் திருப்பித் தர நாலு நாளாச்சு. கோவிச்சுக்காதே" என்று மூடியைத் திறந்து வைத்தாள். உள்ளே அவித்த உருளைக்கிழங்கில் ஆவி பறந்தது.

"இதெல்லாம் எதுக்கு?" என்றாள் சுன்போக், ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டே.

"வெறும் டப்பாவையா குடுப்பாங்க? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

சோல்மியும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நாக்கு சுட்டது. ஊதிக்கொண்டே மூடியைப் பார்த்தாள். கறுப்பு மையில் பெரிதாக 'சுன்போக்' என்று அம்மாவின் கையெழுத்து. உள்ளே யங்சிம் வீட்டுக் கிழங்கு.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

இந்தக் கடற்கரையில் யாரும் யாருக்கும் காலி டப்பாவைத் திருப்பித் தரமாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் நாலு பேரிக்காயாவது போட்டுத்தான் தருவார்கள். டப்பா ஒரு வீட்டிலிருந்து கிளம்பி எட்டு வீடு சுற்றினாலும் மூடியில் இருக்கிற பெயர் மட்டும் மாறாது. சோல்மி டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆய்வுக்கூடத்தில் கையுறையும் முகமூடியும் இல்லாமல் ஒரு குப்பியைத் தொடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் வீட்டுக் கிம்ச்சி ஃப்ரிட்ஜைத் திறந்து, மூடியில் அம்மா பெயரைப் பார்த்து, படிவத்தில் அம்மா பெயரை எழுதிவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் இருந்த மற்ற பதினோரு பேருக்கும் அது தோன்றவில்லை. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் பாதி டப்பாக்களில் வேறு யாருடைய பெயரோதான் இருக்கிறது.

"அம்மா, அந்த டப்பாவை எனக்கு எப்பக் குடுத்தே?"

"எந்த டப்பா?"

"மூணு வருஷம் முன்னாடி. சூசொக் பண்டிகை முடிஞ்சு. நான் லேபுக்கு எடுத்துட்டுப் போனது."

"குடுத்தேன். அதுக்கென்ன இப்போ?"

"எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அது எந்த வீட்டுக்குப் போயிருந்துச்சு?"

கத்தி நின்றது. யங்சிம் சுவாரஸ்யமாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஞாபகம் இல்லே" என்றாள் சுன்போக்.

பத்து வருஷத்துக்கு முன்னால் யார் கல்யாணத்தில் யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்று சொல்கிறவள் அவள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுன்போக் இன்னொரு முள்ளங்கியை எடுத்தாள், வைத்தாள், கையைத் துடைத்தாள்.

"உன் மாமியாருக்கு விலா எலும்புக் குழம்பு அனுப்பினேன்."

"அந்த டப்பாவுலயா?"

"அதுலதான்."

"திரும்பி வந்தப்ப உள்ள என்ன இருந்துச்சு?"

"திறக்கலே. மூடியோரமா மோந்து பாத்தேன். ஷிக்கேன்னு தெரிஞ்சுது. அப்படியே உன் பக்கம் தள்ளிவிட்டுட்டேன்."

"ஏம்மா?"

"ஷிக்கே விக்கற எனக்கே ஷிக்கே அனுப்பினா அதுக்கு என்ன அர்த்தம்? அதை நான் எதுக்குச் சாப்பிடணும்?"

யங்சிம் வாயைப் பொத்திக்கொண்டாள். சோல்மிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் விரித்துக் காட்டிய கை. சுன்போக் அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவமானமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மகளின் முகத்தில் நாலு வாரம் கழித்து இப்போதுதான் ரத்தம் ஓடுகிறது என்பதையும் பார்த்தாள்.

"மணி என்ன?"

"ஒம்போது ஆகப் போகுது."

சுன்போக் முன்கச்சையை அவிழ்த்தாள். "யங்சிம், கடையைப் பாத்துக்கோ."

"நீயும் வர்றியா?" என்றாள் சோல்மி.

"நான் வராம நீ மட்டும் போனா, அந்தம்மா உனக்கு டீ குடுத்தே அஞ்சு மணி ஆக்கிடுவாங்க."

*

காரை ஓட்டியது ஜுன்மோ, சோல்மியின் கணவன். துறைமுக ஐஸ் ஆலையில் மேற்பார்வையாளன், வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. விஷயத்தைக் கேட்டதும் பாதையைப் பார்த்துக்கொண்டே உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப எங்கம்மாவோடதா?"

"சிரிக்காதீங்க மாப்ளே."

"சிரிக்கலே அத்தை."

"தோள் குலுங்குது. இன்னொரு தடவை குலுங்கினா நான் இறங்கிடுவேன்."

"இது அதிவேக சாலை அத்தை. இறங்க முடியாது."

பின் சீட்டில் சோல்மி மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்து ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். மாமியார் வீட்டில் ஷிக்கே மிச்சம் இருக்க வேண்டும். அதில் முப்பத்தொன்று இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேறெதையும் நினைக்க அவளுக்கு இடமில்லை.

ஜுமுன்ஜினில் ஜுன்மோவின் அம்மா ஒக்ஜாவின் வீட்டு வாசல் எப்போதும் போலக் கழுவி விட்டிருந்தது. கணவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும், வீட்டில் தனியாக இருக்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவாள். சம்பந்தியைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்தாள். சுன்போக்கும் குனிந்தாள். யார் முதலில் நிமிர்வது என்று கொஞ்ச நேரம் ஆனது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் இவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இதுதான்.

"சொல்லியிருந்தா ஏதாவது பண்ணி வச்சிருப்பேனே, சம்பந்தியம்மா."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், சம்பந்தியம்மா."

"அத்தை, ஷிக்கே இருக்கா?" என்றாள் சோல்மி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

இருந்தது. ஒரே ஒரு டப்பா. ஒக்ஜா சின்னத் தட்டில் வைத்துச் சாப்பிடும் குச்சிகளோடு கொண்டுவந்தாள். சுன்போக் முதல் தடவையாக அதை எடுத்து வாயில் போட்டாள். எல்லோரும் அவள் தாடையையே பார்த்தார்கள். அவள் மென்றாள். நிறுத்தினாள். மறுபடியும் மென்றாள்.

"அடியில என்ன போட்டிருக்கீங்க?"

"பாசி இலை. தாஷிமா. அடியில ஒண்ணு, மேல ஒண்ணு."

"ஷிக்கேல பாசியா?" சுன்போக்கின் குரல் கீச்சிட்டது. வேறு சமயமாக இருந்தால் இது ஒரு மாதத்துக்குச் சந்தையில் ஓடியிருக்கும்.

சோல்மி சட்டென்று நிமிர்ந்தாள். முப்பத்தொன்றுக்கு ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. எந்தச் சர்க்கரை கொடுத்தாலும் சாவகாசமாகத் தின்னும், கடற்பாசிச் சர்க்கரை கொடுத்தால் மட்டும் மளமளவென்று வளரும். மீனில் இருந்து வந்த பாக்டீரியாவுக்குப் பாசி மேல் என்ன ஆசை என்று ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

"அத்தை, இதுல ஒரு பாக்டீரியா இருக்கும்னு நினைக்கிறேன். கொஞ்சம் எடுத்துக்கறேன். இன்னிக்கே உங்க பேர்ல பதிவு பண்ணணும்."

ஒக்ஜா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். முகம் வெளுத்துவிட்டது.

"என் சமையல்லயா? பாக்டீரியாவா?"

"நல்லது அத்தை. நுண்ணுயிரிகள்ல நன்மை பண்ற வகை..."

"நாப்பது வருஷமா சமைக்கிறேன். யாருக்கும் வயித்து வலி வந்ததில்லே. சர்க்கார் காகிதத்துல என் பேரையும் கிருமியையும் சேத்து எழுதினா நான் எப்படிம்மா சர்ச்சுக்குப் போவேன்?"

ஜுன்மோ "அம்மா" என்று ஆரம்பித்தான். "நீ பேசாம இருடா" என்றாள். டப்பா அவள் மடிக்குப் போய்விட்டது. சோல்மி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். படித்த படிப்பில் இருந்த வார்த்தைகளை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒக்ஜா டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கடைசியில் சுன்போக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தியம்மா, கெட்ட கானாங்கெளுத்தி சாப்பிட்டிருக்கீங்களா?"

"ஒரு தடவை. மூஞ்சியெல்லாம் செவந்து அரிப்பெடுத்துடுச்சு."

"அந்த விஷம் மீன்ல எப்படி வருது? கெட்டதுங்க உக்காந்து உண்டாக்குது. உங்க டப்பாவுல ஒண்ணு இருக்கு, அது கெட்டதுங்களை உக்காரவே விடாது. வாசல்லயே நிறுத்தித் துரத்திடும். அதனாலதான் நாப்பது வருஷமா யாருக்கும் வயித்து வலி இல்லே. எல்லார் டப்பாவுலயும் அது இருக்காது."

"உங்க டப்பாவுல இருக்குமே. உங்களோடதுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க. கேட்டு நான் கூடச் சந்தோஷப்பட்டேன்."

"நானும்தான் சந்தோஷப்பட்டேன்" என்றாள் சுன்போக். "நாலு தடவை தேடினா. என்கிட்டே இல்லே. அன்னிக்கு நீங்க அனுப்பின டப்பாவை நான் திறந்துகூடப் பாக்காம இவகிட்டே தள்ளிட்டேன். இவ அதை என்னோடதுன்னு எழுதிட்டா. நான் வேற கையை விரிச்சு விரிச்சுக் காட்டினேன்."

ஒக்ஜா சம்பந்தியை நன்றாகப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மடியில் இருந்த டப்பாவை எடுத்து மேஜையில் வைத்து, மெதுவாகச் சுன்போக்கின் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்கோங்க. ஆனா பேர் உங்க பேரே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்லே. ஊர்ல நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கதானே."

சோல்மி அம்மாவைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். சுன்போக்குக்கு ஆசை வராமல் இல்லை. யங்சிம் முகம், சந்தை முகம், தலையாட்டிய அத்தனை பேர் முகமும் வரிசையாக வந்து நின்றன. ஒரு வாய் ஷிக்கே மெல்லும் நேரம் யோசித்தாள்.

"வேண்டாம். நாளைக்கு உணவுப் பாதுகாப்புக்காரங்க வந்து என் கடையில தேடினா கிடைக்காது. இவ வேலைதான் போகும்." அப்புறம் குச்சியால் இன்னொரு துண்டை எடுத்தாள். "அதுவும் போக, ருசி நல்லாத்தான் இருக்கு. ஏழு வருஷத்தை வீணாக்கிட்டேன்."

ஒக்ஜா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கோட்டுப் போட்டிருந்தாள். "நானும் வர்றேன். என் பேர்ல என்ன எழுதறாங்கன்னு நான் பாக்கணும்."

*

ஆய்வுக்கூடத்தில் சோல்மி வெள்ளைக் கோட்டுக்குள் புகுந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். முப்பத்தொன்றை மட்டும் அடையாளம் காட்டுகிற பிசிஆர் சோதனை ஏற்கெனவே தயாராக இருந்தது. கொரோனா காலத்தில் ஊரே மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு காத்திருந்த அதே பிசிஆர்தான். ஷிக்கேயை அரைத்து, வடித்து, உள்ளே இருப்பதன் மரபணுவைப் பிரித்து இயந்திரத்துக்குள் வைக்கும்போது மணி ஒன்றரை.

வராந்தா பெஞ்சில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சுன்போக் பையிலிருந்து ஆறிப்போன உருளைக்கிழங்கை எடுத்துக் கொடுத்தாள். ஒக்ஜா தோலை உரித்து இரண்டாகப் பிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். மிளகாய்த் தூள் எவ்வளவு, தினை எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று ஆரம்பித்த பேச்சு, மருமகன் குறட்டையில் போய் நின்றது. மகன்தானே, ஒக்ஜாவுக்கும் அதில் நிறையச் சொல்ல இருந்தது. ஜுன்மோ தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் போடுகிற சத்தமாக இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு இயக்குநர் உட்பட எல்லோரும் நுழைந்தார்கள். கறுப்புத் திரையில் ஒரு பக்கம் முப்பத்தொன்றின் பளிச்சென்ற வெள்ளைக் கோடு. பக்கத்தில் ஒக்ஜாவின் ஷிக்கே. அதே உயரத்தில், அதே பளிச்சில், இன்னொரு கோடு. அதற்கும் பக்கத்தில் காலையில் எடுத்த சுன்போக்கின் ஷிக்கே வெறுமையாக இருந்தது. அவள் அதையும் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லியா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள்.

சோல்மி முகமூடியோடு அழுதாள். அழுதுகொண்டே மாமியாரைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் அம்மாவை, அப்புறம் தவறுதலாக இயக்குநர் நம்குங்கை. இருபது வருஷமாகச் சிரிக்காத மனுஷர் என்று ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டப்பா மூடியைப் பாத்தா எழுதினே?" என்று கேட்டார். சோல்மி தலையாட்டினாள். "என் வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் அப்படித்தான்" என்று சொல்லி, சத்தமாகவே சிரித்துவிட்டார்.

பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அஞ்சுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

"செய்தவர் பேர்?"

"மேங் ஒக்ஜா" என்றாள் சுன்போக், ஒக்ஜா வாயைத் திறப்பதற்குள்.

"மீன்?"

"துறையில ஏலத்துல எடுக்கறது" என்றாள் ஒக்ஜா.

"தினை?"

"சந்தையில."

"பாசி எங்கே வாங்கறீங்கம்மா? அதுதான் முக்கியம். முப்பத்தொன்று பாசியோட வந்திருக்கும்னு தோணுது. அது வளர்ற பாறையில போய்த் தண்ணியும் பாசியும் எடுக்கணும்."

"வாங்கறதில்லே. குடுப்பாங்க."

"யாரு?"

"தெரிஞ்சவங்க."

"பேர் வேணும்மா. படிவத்துல காலி விட முடியாது."

ஒக்ஜா சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "சொக் மான்ஹோ. சாச்சொன் துறையில மூழ்கிப் பாசி எடுக்கறவர்."

"போன் நம்பர்?"

"இருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று ஜுன்மோ அம்மாவின் கைப்பையைத் திறந்தான். போன் நம்பர் என்றாலே அம்மாவுக்கு அவன்தான் தேடித் தர வேண்டும். அவனுடைய நம்பரையே அவள் ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஒக்ஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதினோரு எண்களையும் சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

நம்குங் எழுதிக்கொண்டார். ஜுன்மோவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. சோல்மி கணவனைப் பார்த்தாள், கணவன் சோல்மியைப் பார்த்தான்.

சுன்போக் நாற்காலியை இழுத்துக்கொண்டு சம்பந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா" என்றாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. "எத்தனை வருஷமா பாசி குடுக்கறார்?"

"ஒம்போது வருஷமா."

"பாசி மட்டும்தானா?"

ஒக்ஜாவின் காது இரண்டும் சிவந்துபோயின. ஆனால் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"திங்கட்கிழமை தண்ணி எடுக்க வர்றோம்னு அவர்கிட்டே பேசணும்" என்றார் நம்குங், எதையும் கவனிக்காமல்.

"நீங்க பேச வேண்டாம். நானே சொல்லிடறேன்" என்றாள் ஒக்ஜா. "நாளைக்கு மதியம் சாப்பிட வருவார்."

ஜுன்மோ நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தான்.